நீரின் பிறப்பிடம்

திருவள்ளூருக்கு மேற்கே, திருத்தணிக்குச் செல்லும் பெருவழியில், திருப்பாச்சூர் என்னும் பழம்பதி உளது. அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கோயிலை உடையது அவ்வூர். பாசு என்பது மூங்கிலுக்கு ஒரு பெயர். மூங்கில் அடர்ந்து வளர்ந்த இடமாதலின் பாசூர் எனப் பெயர் பெற்றது என்பர். மூங்கில் செழிக்கும் இடத்தில் நிலத்தடி நீருக்குக் குறைவிராது. அவ்வூருக்கு வடக்கே கொசத்தலையாறு கிழக்கு நோக்கிச் செல்கின்றது. பூண்டி என்னுமிடத்தில் அதன் குறுக்கே 1944ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டப்பட்டது. சென்னை மேயராக இருந்து அத்திட்டத்திற்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயரை அந்நீர்த்தேக்கம் இன்றும் தாங்கி நிற்கின்றது. பூண்டியைக் கடந்த ஆறு தாமரைப்பாக்கம், வல்லூர் ஆகிய இடங்களிலுள்ள அணைக்கட்டுகளைத் தாண்டி, எண்ணூர்க் கழிமுகத்தில் வங்கக் கடலோடு கலக்கின்றது. திருப்பாச்சூரிலிருந்து எண்ணூர்க் கடற்கரை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு இருக்கும்.

இவ்வைம்பது கிலோமீட்டர் நிலத்தின் அடியில் பெருஞ்செல்வம் ஒன்று மறைந்து கிடக்கின்றது. கொசத்தலையாறும், அதற்கு வடக்கே ஓடும் ஆரணியாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தம் போக்கை மாற்றி மாற்றி ஓடியவை. அவை கைவிட்டுச் சென்ற பழைய தடங்களில் மணலும் கூழாங்கல்லும் படுகை படுகையாகப் புதைந்துள்ளன. மணற்படுகையின் இடுக்குகளில் மழைநீரும் ஆற்றுநீரும் புகுந்து தங்கியிருக்கும். சென்னை நகர் 1872ஆம் ஆண்டு முதலே கொசத்தலையாற்று நீரைக் கால்வாய் வழியாகப் பெற்று வந்தது. மக்கட்பெருக்கால் அது போதாமற்போகவே, நிலத்தடி நீரின் மேல் நாட்டம் சென்றது. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு இப்பகுதி முழுவதும் ஆராயப்பட்டது. அவ்வாராய்ச்சியின் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தொகுதிகள் ஏற்பட்டன. நகரத்துக் குடிநீருக்கும், மணலியில் எழுந்த தொழிற்சாலைகளுக்கும் அவற்றினின்று நீர் இறைக்கப்பட்டது. நெல் விளைவிக்கும் உழவரும் தத்தம் கிணறுகளில் பொறி பூட்டி இறைத்தனர்.

ஆனால் 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பகுதியில் ஒரு தீய குறி தோன்றிற்று. அதுகாறும் இனித்த கிணறுகள் சில கரிக்கத் தொடங்கின. பின்னர் வந்த ஆண்டுகளில் உவர்ப்பு மேற்கு நோக்கி ஊர் ஊராகப் பரவிற்று. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றை மூடிவிட்டு, குடிநீரை விலைக்கு வாங்கும் நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. உவர்நீர் பாய்ந்த வயலில் நெற்பயிர் நுனி கருகிப் பதராயிற்று.

உவர்ப்பு எங்கிருந்து வந்தது? ‘கடலிலிருந்து வந்தது, இதில் ஐயம் யாது?’ என்று எளிதாகக் கூறிவிடலாம். கடல் அருகில் இருப்பது உண்மையே. எனினும் அருகில் இருப்பவனெல்லாம் கள்வன் ஆகான். அவ்வட்டாரத்தில் ஐயத்திற்கு உரியவை பல உள. உப்பளங்களில் காயும் உப்பு மழையில் கரைந்து நிலத்துள் இறங்கலாம். ஏரியிலும் வயலிலும் தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற, அதிலுள்ள சிறிதளவு உப்பே மிகுந்து காணலாம். தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஊறியிருக்கலாம். கும்மிடிப்பூண்டி முதல் மணலி வரை தொழிற்பேட்டைகள் நிறைந்த வட்டாரம் இஃது என்பதை நினைவிற் கொள்க. முன்னொரு காலத்தில் கடல் இந்நிலத்தின்மீது பரந்திருந்தபோது களிமண்ணில் தங்கிய பழைய உப்பே இப்போது வெளிப்படலாம். இவற்றுள் எது காரணம் என்று அறியாமல் மருந்து செய்ய இயலாது. கடலே காரணமாயின் இறைப்பைக் குறைத்து நிலத்துள் நன்னீரைப் புகுத்தல் வேண்டும். வயலில் நீர் தேங்குதல் காரணமாயின் வடிகால் வெட்டுதல் வேண்டும். கழிவுநீர் காரணமாயின் அதனைத் தடுத்தல் வேண்டும். காரணத்தைப் பிறழ உணர்ந்தால் பெரும்பொருள் செலவழிந்தும் கிணறு இனிக்காது. குற்றமற்றவர் மீது பழி சேர்ந்தாலும் சேரும்.

கடலுக்கு முந்நீர் என்று ஒரு பழம்பெயர் உண்டு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் சேர்ந்தமையால் அப்பெயர் வந்தது என்று உரை கூறுவர் ஒருசாரார். வேறு பொருள் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், கடலில் சேர்ந்த பின்னர் ஆற்றுநீர் இது, மழைநீர் இது என்று பிரித்துக் காட்ட முன்னோர்க்கு வழி இல்லை. நம் கிணற்றின் வழக்கு அதற்கு மறுதலையானது. கிணற்றில் உள்ள நீரில் கடலின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று காணவேண்டும். நாவினால் இதனை அறிய முடியாது. உப்பு எங்கிருந்து வந்தாலும் உப்பே. அதன் சுவை தன் ஊரைச் சொல்லாது. ஆகவே அறிஞர், உப்பை விடுத்து, நீரையே வினவத் தொடங்கினர். நீரை வினவுதல் என்பது யாதெனின், அதனை நுட்பமாக நிறுத்துப் பார்த்தலாகும்.

நீர் என்பது ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் கூடிய மூலக்கூறு என்பதை மாணவர் அறிவர். ஆயின் ஹைட்ரஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையன அல்ல. ஏறத்தாழ 6,400 அணுக்களுக்கு ஓர் அணு மற்றவற்றைப் போல் இரு மடங்கு எடை உடையது. அதற்கு டியூட்டிரியம் என்று பெயர். அமெரிக்க அறிஞர் ஹெரால்டு யூரி அதனை 1931ஆம் ஆண்டில் கண்டறிந்து, 1934ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீரைக் கொண்டு இயங்குமாறு அமைந்தவை. அக்கனநீர் டியூட்டிரியத்தால் ஆகிய நீரேயாம். ஆக்சிஜனிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பெரும்பான்மை அணுக்களின் எடை எண் 16. ஏறத்தாழ 500 அணுக்களுக்கு ஒன்று 18 என்னும் எடை எண்ணை உடையது. இதனை 1929ஆம் ஆண்டில் ஜியோக், ஜான்ஸ்டன் என்னும் இருவர் கண்டனர்.

வேதியியற் பண்பால் ஒன்றாய், எடையால் வேறாய் நிற்கும் இவ்வணுக்களுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்தலின் சாடி என்னும் ஆங்கில அறிஞர் 1913ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். ‘ஒரே இடம்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் ஓரிடத்தான் என்று அழகுற மொழிபெயர்த்துள்ளனர். சில ஓரிடத்தான்கள் கதிர் வீசித் தாமே அழிவன. சில என்றும் அழியாது நிலைப்பன. டியூட்டிரியமும் கன ஆக்சிஜனும் நிலைத்தவை. நிலத்தின் அடியில் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் அவை தேய்வதில்லை. இந்நிலைபேறே அவற்றை நம்பத்தக்க சான்றாக ஆக்குகின்றது.

கன அணுவைத் தாங்கிய நீரும் நீரே. ஆனால் சற்று மந்தமானது. களத்தில் நெல்லைத் தூற்றுவதைக் கண்டிருப்பீர்கள். காற்று ஒன்றே, தூற்றுவோர் கையும் ஒன்றே. ஆயினும் பதர் தொலைவிற் சென்று விழ, மணி அருகிலேயே குவிகின்றது. கடல்மீது வெயில் காயும்போது எடை குறைந்த நீர் மிகுதியாக ஆவியாகி எழுகின்றது, கனமானது பின்தங்குகின்றது. ஆகவே மேகத்து நீர் கடல்நீரினும் இலேசானது. மேகம் மழையாகும்போதோ, கனமான நீர் முதலிற் பெய்துவிடுகின்றது. எஞ்சிய மேகம் மேலும் இலேசாகின்றது. கடலை விட்டு உள்நாட்டிற்குள் செல்லச் செல்லவும், மலைமீது ஏற ஏறவும் மழைநீர் இலேசாவதற்கு இதுவே காரணம். இவ்வாறு இயற்கை நீரைத் தூற்றித் தூற்றித் தரம் பிரித்து வைக்கின்றது.

இவ்வேறுபாடு மிகமிகச் சிறியது. தராசில் வைத்து அறியக்கூடியதன்று. நிறைநிரல்மானி என்னும் கருவியில், அணுத்திரள்களை மின்னேற்றிக் காந்தப்புலத்தின் ஊடே செலுத்துவர். இலேசானவை மிகுதியாக வளைந்தும், கனமானவை குறைவாக வளைந்தும் வெவ்வேறு இடத்தில் சென்று சேரும். அவற்றை எண்ணி விகிதம் காண்பர். இக்காலத்தில் லேசர் ஒளியைக் கொண்டு அளக்கும் எளிய கருவிகளும் வந்துள்ளன. உலகெங்கும் கடல்நீரை ஒத்த ஒரு நீரே அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அதன் மதிப்பு சுழி. அதனினும் கன அணு ஆயிரத்தில் ஐந்து பங்கு குறைந்த நீரை ‘குறை 5’ என்று குறிப்பர். கூடிய நீரை ‘மிகை’ என்று குறிப்பர். ஆயிரத்தில் ஒன்றின் பத்தில் ஒரு கூறு வரையில் கன ஆக்சிஜனை அளந்துவிடலாம் என்றால் இக்கருவிகளின் நுட்பத்தை என்னென்பது!

1961ஆம் ஆண்டில் ஹார்மன் கிரெய்க் என்பார் உலகின் பல பகுதிகளிலிருந்து மழைநீர், ஆற்றுநீர், பனிநீர் ஆகியவற்றை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டார். ஆக்சிஜனின் மதிப்பை ஓர் அச்சிலும் டியூட்டிரியத்தின் மதிப்பை மற்றோர் அச்சிலும் குறித்துப் படம் வரைந்தால், உலகத்து மழைநீர் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் நிற்கின்றது. ஆக்சிஜன் மதிப்பை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் டியூட்டிரிய மதிப்பு வரும். இமயத்துப் பனியும், குமரியின் மழையும் இக்கோட்டுக்கு அடங்குகின்றன. ஏரியில் தேங்கி வெயிலில் காய்ந்த நீரோ இக்கோட்டை விட்டு விலகி, சாய்வு குறைந்த வேறொரு கோட்டில் செல்கின்றது. எனவே ஒரு குடம் நீரை அளந்தால், அது நேரே மழையிலிருந்து நிலத்துள் புகுந்ததா, இடையில் ஏரியில் கிடந்து வற்றியதா என்பது புலனாகும்.

இனி, கரிக்கும் கிணறு ஒன்றின் வழக்கை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வேண்டி, அவ்வூரின் நன்னீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு இருந்தது என்றும், அதன் ஆக்சிஜன் மதிப்பு குறை 5 என்றும் கொள்வோம். இன்று கிணற்றில் 2,000 மில்லிகிராம் குளோரைடு காண்கிறது. இது மூன்று வழிகளில் நேர்ந்திருக்கலாம்.

உலர்ந்த உப்பு கரைந்து சேர்ந்திருப்பின், உப்பு மிகுமேயன்றி நீர் மாறாது. மதிப்பு குறை 5 என்றே நிற்கும். நீர் வற்றி உப்பு மிகுந்திருப்பின், இருபது குடம் நீர் ஒரு குடமாகச் சுண்டியிருத்தல் வேண்டும். அவ்வளவு சுண்டிய நீரில் கன அணு மிக ஏறி, கடல்நீரின் மதிப்பையும் விஞ்சிவிடக்கூடும்; மழைக்கோட்டை விட்டும் விலகி நிற்கும். கடல்நீர் கலந்திருப்பின்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. பத்தில் ஒரு பங்கு கடல்நீரும் ஒன்பது பங்கு நன்னீரும் கலந்தால் குளோரைடு ஏறத்தாழ 2,000 ஆகும். ஆக்சிஜன் மதிப்பு குறை 4.5 ஆகும். மூன்று கிணற்று நீரையும் நாவில் இட்டால் ஒரே உவர்ப்பு; கருவியில் இட்டால் மூன்றும் மூன்று கதை கூறும்.

கலப்பைக் கண்டறிவதற்குச் சிறந்த வழி, ஒரே கிணற்றைக் கொண்டு தீர்ப்புக் கூறாது, கடற்கரை முதல் உள்நாடு வரை பல கிணறுகளின் நீரை எடுத்துப் பார்த்தலேயாம். கடலின் கலப்பு உண்மையாயின், அவற்றின் குறிகள் நன்னீரையும் கடல்நீரையும் இணைக்கும் ஒரு நேர்கோட்டின்மேல் வரிசையாக நிற்கும். நீரை எடுப்பதிலும் கவனம் வேண்டும். குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறுமாறு சிறிது நேரம் இறைத்த பின்னரே எடுத்தல் வேண்டும். புட்டியில் காற்றுக்கு இடமின்றி விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடுதல் வேண்டும். மூடியில் சிறு கசிவு இருப்பினும் புட்டிக்குள்ளேயே நீர் ஆவியாகிப் பொய்ச்சான்று கூறிவிடும்.

மழைநீரா, கடல்நீரா என்னும் இதே வினாவை அறிஞர் கிணற்றை நோக்கி மட்டும் கேட்கவில்லை. பாறையை நோக்கியும் கேட்டனர். நிலவுலகின் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்னும் பகுதி உளது. அதன் மேற்பகுதி பெரிடோடைட்டு என்னும் கரும்பச்சைப் பாறையால் ஆயது. ஆழ்கடலின் நடுவே நிலத்தட்டுகள் விலகும் சில இடங்களில் இப்பாறை கடலடிக்கே வந்துவிடுகின்றது. அங்கே வெடிப்புகளின் வழியாக நீர் புகுந்து அதனைச் செர்ப்பென்டைன் என்னும் வேறொரு கல்லாக மாற்றுகின்றது. பாம்பின் தோலை ஒத்த நிறமும் வரியும் உடைமையின் அப்பெயர் பெற்றது. பாம்புக்கல் எனத் தமிழிற் கூறலாம். பார்வைக்குக் கல்லாயினும் அதன் எடையில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு நீரேயாம்! அந்நீர் கல்லின் கட்டமைப்பிலேயே பிணைந்து நிற்கின்றது, பிழிந்தால் வராது, சுட்டால்தான் வரும். 2000ஆம் ஆண்டு திசம்பரில் அட்லாண்டிக் மாகடலில், இத்தகைய பாறையின்மீது 60 மீட்டர் உயரம் வரை எழுந்த வெண்ணிறக் கற்கோபுரங்களையும், அவற்றினின்று கசியும் வெந்நீரையும் அறிஞர் கண்டு, அவ்விடத்திற்கு ‘இழந்த நகரம்’ என்று பெயரிட்டனர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்பெயர் புதிதன்று. ஆயினும் இந்நகரைக் கட்டியது பாறையும் நீருமே.

கடலடிப் பாறை நிலத்தட்டுகளின் மோதலால் தரையின்மேல் தள்ளப்படுவதும் உண்டு. அந்தமான் தீவுகளில் இத்தகைய பாறைகளைக் காணலாம். தரையில் கிடக்கும் அப்பாம்புக்கல்லை உண்டாக்கியது கடலடியில் இருந்த காலத்துக் கடல்நீரா, தரைக்கு ஏறிய பின் பெய்த மழைநீரா? 1970களின் தொடக்கத்தில் வென்னர், டெய்லர் என்னும் இருவர் பல இடங்களின் பாம்புக்கற்களைச் சுட்டு, வெளிப்பட்ட நீரின் டியூட்டிரியத்தை அளந்தனர். கடலடியிலிருந்து எடுத்த கற்களில் டியூட்டிரியம் மிகுந்திருந்தது. தரைமேல் இருந்த கற்கள் பலவற்றில் அது குறைந்திருந்தது. அக்குறைவும் அவ்வவ்விடத்து மழையின் தன்மையைப் பின்பற்றி நின்றது. மழைநீர் அக்கற்களுள் புகுந்து தன் முத்திரையைப் பதித்திருந்தது என்பது தெளிவாயிற்று. ஆக்சிஜனோ வேறொரு செய்தியையும் கூறும். பாறைக்கும் நீருக்கும் இடையே கன ஆக்சிஜன் பங்கிடப்படும் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. ஆதலின் எந்நீர் புகுந்தது என்பதோடு, எவ்வளவு சூட்டில் புகுந்தது என்பதையும் கல் எடுத்துரைக்கும். ஒரு தடை மட்டும் உண்டு. ஹைட்ரஜன் எளிதில் இடம் மாறக்கூடியது. பின்வந்த நீர் முன்வந்த நீரின் எழுத்தை அழித்துத் தன் எழுத்தை எழுதிவிடலாம். ஓலைச்சுவடியில் பிற்காலத்தார் செய்த திருத்தத்தைப் பிரித்தறியும் பதிப்பாசிரியர் போன்று, பாறை ஆராய்வோரும் விழிப்போடு இருத்தல் வேண்டும். இப்பாறையை மிகத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. சேலத்தையடுத்த சுண்ணாம்புக்கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டும், கவசத்துப் பாறையை ஒத்த பாறையுள் நீரும் கரியமில வாயுவும் புகுந்து விளைத்த மாற்றமே.

மீண்டும் மீஞ்சூருக்கு வருவோம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஆரணி, கொசத்தலை ஆறுகளின் படுகையிலுள்ள கிணற்று நீரை இம்முறையால் ஆராய்ந்துள்ளனர். ஓரிடத்தான்களை மட்டும் நம்பாது, குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதத்தையும் உடன்வைத்து நோக்கினர். இதன் காரணம் அறியத்தக்கது. பயிர்கள் வேரால் நீரை உறிஞ்சும்போது கனநீர், இலேசான நீர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே பயிர் உறிஞ்சியதால் உப்பு மிகுந்த நிலத்தில் ஓரிடத்தான் மதிப்பு மாறாமலே நிற்கும். அதனை உலர்ந்த உப்பு கரைந்ததாக மயங்க இடமுண்டு. புரோமைடு அம்மயக்கத்தைத் தீர்க்க உதவும். கடல்நீரில் புரோமைடு ஒரு பங்குக்குக் குளோரைடு ஏறத்தாழ 290 பங்கு. உப்பளத்தில் உப்பு மணியாக உறையும்போது புரோமைடின் பெரும்பகுதி எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றது. எனவே உப்பு மணியில் விகிதம் வேறு. கரையை அடுத்த கிணறுகளில் கடல்நீர் கலந்திருப்பதை இச்சான்றுகள் ஒருங்கே காட்டின.

கடல் எவ்வாறு நிலத்துள் புகுந்தது? உவர்நீர் கனமானது, நன்னீர் அதன்மேல் மிதப்பது. கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது தள்ளி நிற்கும். இக்கணக்கு இனிமையானது; ஆனால் மறுபுறம் கொடியது. இறைப்பினால் ஒரு மீட்டர் குறைந்தால், உவர்நீர் 40 மீட்டர் எழும். மீஞ்சூரில் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே சென்றுவிட்டது. அணை உடைந்த பின் வெள்ளத்தைத் தடுப்பது எது? நன்னீர் பாய்ந்த அதே மணற்படுகை கடல்நீருக்கும் வழியாயிற்று. நூறு குடம் நன்னீரில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தாலே போதும். குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்துள்ள குளோரைடின் மேல்எல்லையாகிய 1,000 மில்லிகிராமை அது எட்டிவிடும்.

இறைப்பைக் கட்டுப்படுத்த 1987ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் எழுந்தன. 2010ஆம் ஆண்டில் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாள்தோறும் பத்துக் கோடி லிட்டர் நன்னீரை ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. எந்தக் கடல் கிணற்றைக் கெடுத்ததோ அந்தக் கடலிடமே குடிநீர் கேட்க நேர்ந்தது. எனினும் உழவருக்கு ஆலைநீர் பயன்படாது. அவர்தம் கிணறு திருந்தினால்தான் உண்டு. தடுப்பணையில் தேங்கிய நீர் உண்மையிலேயே கிணற்றைச் சென்றடைகின்றதா என்று அறிவதற்கும் ஓரிடத்தான்களே துணை. தேங்கிய நீர் வெயிலில் காய்ந்து மழைக்கோட்டை விட்டு விலகியிருக்கும் என்று கண்டோம். அக்குறி அருகிலுள்ள கிணற்று நீரில் தோன்றினால், அணைநீர் அங்கு வந்துவிட்டது என்க.

பூண்டி நீரோ இன்று முன்போல் கொசத்தலை நீர் மட்டும் அன்று. 1996ஆம் ஆண்டு முதல் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருட்டிணை நீர் ஊத்துக்கோட்டையை அடுத்து எல்லை கடந்து அங்கு வந்து சேர்கின்றது. மகாபலேசுவரத்து மலைமீது பெய்த மழையும் திருப்பாச்சூருக்கு அருகே வந்து தங்குகின்றது. மேற்கு மலைத் தென்மேற்குப் பருவமழையும், நம் கரையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் தூற்றலில் வெவ்வேறு தரத்தன. நம் ஐப்பசி, கார்த்திகை மழை பொதுவாகச் சற்று இலேசானது.

நிலைத்த ஓரிடத்தான்களால் தீர்க்க இயலாத வழக்கும் ஒன்று உண்டு. கிணற்றிற் கலந்தது கடல்நீரே என்று அவை கூறும்; நேற்று வந்த கடலா, பல்லாயிரம் ஆண்டுக்கு முன்னர் வந்து களிமண்ணில் சிறைப்பட்ட கடலா என்று கூறமாட்டா. நிலைத்திருத்தல் என்னும் அவற்றின் பெருமையே இங்குக் குறையாகின்றது. தேயாத பொருளைக் கொண்டு காலத்தை அளத்தல் எங்ஙனம்? இங்கே தேய்ந்து அழியும் கரியணுவின் துணை வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் காரைக்கால், தஞ்சைக் கடற்கரைகளின் உவர்நீரைக் கதிர்க்கரியாலும், நீரில் கரைந்துள்ள உயிர்ப்பொருள்களின் எச்சத்தாலும் ஆராய்ந்து, பழைய கடலின் உவர்ப்பையும் புதிய கடலின் உவர்ப்பையும் பிரித்துக் காட்டும் வழியை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழைய உவர்ப்பு இறைப்பைக் குறைப்பதனால் மட்டும் பின்வாங்காது. புதிய கடலாயின், அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஆதலின் மீஞ்சூர் போன்ற இடங்களில் ஒருமுறை அளந்து விடுதல் போதாது. கோடையின் இறுதியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை மாதத்தில் ஒருமுறையும், அதே கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் எடுத்து அளத்தல் வேண்டும். குறை 4.5 என்று நின்ற கிணறு அடுத்த ஆண்டு குறை 4.7 ஆயின், கடல் அங்கிருந்து ஓரடி பின்வாங்கியுள்ளது, குறை 4.2 ஆயின், அடுத்த ஊர்க் கிணற்றை நோக்கி அது புறப்பட்டுவிட்டது.